பங்குனி விதை மேசை: கேள்வி பதில்

தஞ்சாவூரில் எங்கள் பகுதிக் குடும்பங்கள் சேர்ந்து பங்குனிக் கடைசியில் ஒருநாள் வசந்த விழா நடத்துகின்றன. காலையில் யோகாசனம், பிறகு கோலம், மாலையில் நாட்டியம். நடுவில் இருக்கும் தோட்ட மேசை என் பொறுப்பு. முன்கூட்டியே அனுப்பிய கேள்விகளுக்கும், பதிலைப் படித்துவிட்டு அனுப்பிய மறுப்புகளுக்கும் இங்கே பதில்.

சென்ற ஆண்டு விழாவில் கொடுத்த தக்காளி நாற்று நன்றாகப் பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. என்ன உரம் போடலாம்?

ஒன்றும் போட வேண்டாம். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ காம்போடு உதிரும். நம் ஊர்ச் சித்திரையில் இரண்டும் நடக்கும். உங்கள் மீதும் குற்றமில்லை, நாற்றின் மீதும் இல்லை. பங்குனியில் தக்காளி நாற்று வழங்காதீர்கள் என்று குழுவில் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். நாற்று கொடுத்தால் புகைப்படம் அழகாக வருகிறதாம். விதைப் பொட்டலம் கொடுத்தால் வருவதில்லையாம். இப்போது விதைக்க வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு இருக்கின்றன. முளைக்கீரை தூவினால் மூன்றரை வாரத்தில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். தக்காளியை ஆடிப்பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

செடி வைக்கும் பைக்கு என்ன மண் கலவை?

செம்மண், மட்கிய சாண எரு, தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. ஆனால் நார்க் கழிவை அலசாமல் போடாதீர்கள். கட்டியாக விற்கும் கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவையுங்கள். தண்ணீர் தெளியும்வரை இதைச் செய்ய வேண்டும். "இலை ஓரம் கருகுகிறது" என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

செம்பருத்தி நுனியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது.

மாவுப்பூச்சி. முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். சுருண்டுபோன நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல்; வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை. எறும்பைக் கவனியுங்கள்: இனிப்புக் கழிவுக்காக இந்தப் பூச்சியைக் காவல் காப்பது அதுதான். எறும்பு ஏறிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் தெளிப்பதில் பாதி வீண்.

முழங்கால் வலி இருக்கிறது. காலை யோகாசனத்தில் வஜ்ராசனம் செய்யலாமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

மல்லிகையை இப்போது கவாத்து செய்யலாமா?

கூடாது, இது பூக்கும் காலம். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள்.

விதை மேசையில் நாட்டு விதை மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்களாமே? கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையை ஏன் வைக்கக் கூடாது?

உங்கள் வீட்டில் தாராளமாக விதையுங்கள், நன்றாகக் காய்க்கும். எங்கள் மேசைக்கு ஒரு நிபந்தனை உண்டு: வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் நடைமுறைப்படுத்தியது இது. 2 கிலோ பாரம்பரிய நெல் வாங்கிப் போகும் விவசாயி, மறு ஆண்டு 4 கிலோ கொண்டுவருவார். வீரிய ஒட்டில் எடுத்த விதை அப்படியே தாய்போல வராது. அதைத் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மறுப்பு: நான் வீரிய ஒட்டு வெண்டையில் விதை எடுத்துப் போட்டேன். காய்த்ததே!

காய்க்கும். முளைக்கவே முளைக்காது என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை, ஒன்றில் காய் சீக்கிரம் முற்றும் என்று கலவையாக வந்திருக்குமே? நீங்கள் அதைச் சொல்லவில்லை.

இன்னொரு மறுப்பு: உங்கள் மேசையில் 'நாட்டுச் சுரை' என்று எழுதி வாங்கிய விதையில் பாதி நீளமாகவும் பாதி குடமாகவும் காய்த்தது. இது மட்டும் நாட்டு விதையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்தப் பொட்டலம் கொடுத்தவர் வீட்டில் நீளச்சுரை, பக்கத்து மாடியில் குடச்சுரை இருந்திருக்கும். பூச்சிகளுக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு தடையா? 'நாட்டு' என்று எழுதிவிட்டால் ரகம் காப்பாற்றப்பட்டுவிடாது, மகரந்தத்தைக் காவல் காக்க வேண்டும்.

சுரைப்பூ சாயங்காலம் மலர்வது. அன்று மலரப்போகும் மொட்டு வெளுத்து, சற்று நீண்டிருக்கும். பிற்பகலிலேயே ஆண் மொட்டு இரண்டு, பெண் மொட்டு ஒன்று பார்த்து நுனியை நூலால் கட்டிவிடுங்கள். பெண் பூவுக்கு அடியில் மயிர் படர்ந்த சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தம் உள்ள நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் மெல்லத் தேயுங்கள். பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் வண்ண நூல் ஒன்று முடிந்துவையுங்கள். அந்தக் காய் மட்டும் விதைக்கு. கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் சத்தம் வரவேண்டும். பூசணி விடியற்காலையில் மலர்வதால் அதற்கு முதல் நாள் மாலையே கட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்ய யாருக்கு நேரம்?

நேரமில்லாதவர்கள் தட்டைப்பயறில் தொடங்குங்கள். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, கலப்பு குறைவு. சுரை வைத்தே ஆக வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தாரோடு பேசி எல்லாரும் ஒரே ரகம் வையுங்கள்.

விழாவுக்கு வருகிறவர்களுக்குக் குளிர்பானம் வாங்கலாமா?

எதற்கு? மாசிக் கடைசியிலிருந்து சமயபுரம் மாரியம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதத்தில் இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு என்றுதான் இருக்கிறாள். நமக்கும் பானகமும் நீர்மோரும் போதும்.

மாலை நாட்டியம் தவறினால் வேறு எங்கே பார்க்கலாம்?

கோயில்களில் நடக்கும் நாட்டியாஞ்சலி விழா மகாசிவராத்திரியை ஒட்டித் தொடங்குவது, இதற்குள் முடிந்திருக்கும். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். உட்கார்ந்து பார்க்கப் பிடிக்காதவர்கள் சித்திரைத் திருவிழாவை ஒட்டித் திருவையாற்றில் புறப்பட்டு ஏழு ஊர்க் கோயில்களுக்குப் போகும் ஏழூர்ப் பல்லக்கின் பின்னால் நடக்கலாம். எந்த நடைப்பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடில்லை.

கொய்யா இலையில் வெள்ளைப் பஞ்சு.

மாவுப்பூச்சியாகத்தான் இருக்கும். செம்பருத்திக்குச் சொன்னதே.

ரோஜாவிலும் அதே வெள்ளை.

அதே வேப்பெண்ணெய், அதே எறும்பு. இனி எந்தச் செடியின் பெயரோடும் இதைக் கேட்காதீர்கள்.

வெண்டை இலை ஓரம் கருகுகிறது.

நார்க் கழிவை அலசினீர்களா?

விதைப் பொட்டலத்தின் மேல் என்னென்ன எழுதிக் கொண்டுவர வேண்டும்?

பயிர், ரகம், விதை எடுத்த மாதம், எந்தத் தெரு. கொடிக் காய் என்றால் பூவைக் கட்டினீர்களா இல்லையா என்பதும் வேண்டும். காகிதப் பொட்டலமாக இருக்கட்டும். ஈரம் போகாத விதை பிளாஸ்டிக்கில் பூசணம் பிடிக்கும். ரகம் தெரியாவிட்டால் 'நாட்டு' என்று எழுத வேண்டாம், 'தெரியாது' என்று எழுதுங்கள். அவற்றுக்கு மேசையின் கோடியில் தனி டப்பா வைத்திருப்பேன்.