எல்லோரும் ஆயிரம் பேருக்கு நன்மை என்கிறார்கள், எதை நம்புவது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் நிதி ஒதுக்கும் குழுவில் இந்த ஆண்டு என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பதினான்கு விண்ணப்பங்கள் வந்துள்ளன. எல்லாவற்றிலும் 'ஆயிரக்கணக்கானோர் பயனடைவர்' என்றே இருக்கிறது. பணமோ மூன்றுக்குத்தான் போதும். எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் ஒரு காகிதத்தை எடுத்து, அவர்கள் சொல்லும் எண்ணை வகுத்துப் பாருங்கள்.

பிளேபம்ப் என்று ஒரு திட்டம் இருந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலே ஏறும். தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய யோசனை. கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்துப்போய், 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்கள். ஒரு பம்ப் 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று குறைவாக வைத்தாலும் 37,500 லிட்டர் வேண்டும். பம்போ மணிக்கு 1,400 லிட்டர்தான் இறைக்கும். வகுத்தால் கிட்டத்தட்ட 27 மணி நேரம் வருகிறது. ஒரு நாளில் அவ்வளவு நேரம் ஏது? குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பல இடங்களில் பெண்கள்தான் அந்தச் சக்கரத்தைக் குனிந்து தள்ளினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஐந்து நிமிடக் கணக்கு இது.

அப்புறம், இதே மாதிரி வேலையை முன்பு செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று விசாரியுங்கள். 1994இல் திறந்த ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கப்பாதையில் யூரோஸ்டார் ரயிலுக்கு முதல் ஆண்டில் 1.59 கோடிப் பயணிகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 1995இல் வந்தவர்கள் சுமார் 29 லட்சம். விண்ணப்பிப்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். தன் திட்டத்தின் மேல் ஆசை வைத்தவருக்கு நல்லதுதான் முதலில் கண்ணில் படும்.

நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் கேள்வி இன்னொன்று. இந்தப் பணம் போகாவிட்டால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, 200 பேருக்குத் தொழிற்பயிற்சி கொடுத்ததில் 120 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி இல்லாமலே அவர்களில் 90 பேருக்கு எப்படியும் வேலை கிடைத்திருக்கும் என்றால், உங்கள் பணத்தால் வந்த பயன் 30 பேருக்குத்தான். அந்த 30ஐச் சின்ன எண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 30 குடும்பங்களுக்குச் சோறு அது.

உங்கள் பதினான்கில் யாராவது இப்படிக் கழித்து எழுதியிருந்தால், அந்த விண்ணப்பத்தை முதலில் படியுங்கள். மற்றவர்களிடம் இந்த ஒரு கேள்வியை எழுதிக் கேட்டு, பதில் வந்தபிறகு குழுவைக் கூட்டுங்கள்.