ட்ராக்டர் கேள்வி – பதில்: பானட் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: அப்பா காலத்து மாஸி ஃபெர்குசன் 35 வண்டி. கை மாறிக் கை மாறி எங்களிடம் வந்தது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போய்விட்டது. மதுரையில் கடைக்காரர் “எந்த எஞ்சின்?” என்று கேட்கிறார். பானட்டில் 35 என்பதைத் தவிர எதுவும் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கடைக்காரர் கேட்டது சரியான கேள்வி. பானட்டையும் பெயின்டையும் வைத்து இந்த வண்டிக்குச் சாமான் வாங்கவே கூடாது. ஆரம்பத்தில் வந்த 35-ல் ஸ்டாண்டர்ட் 23சி என்ற நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். பிறகு பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்தது. இதற்கு மேல், இத்தனை கை மாறிய வண்டியில், பெர்கின்ஸ் வகையைச் சேர்ந்த சிம்சன் பி-3 போன்ற வேறு எஞ்சினை யாராவது ஏற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முதலில் இன்ஜெக்டர் பைப்பை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் மெல்லிய குழாயை) எண்ணுங்கள். நான்கு என்றால் ஸ்டாண்டர்ட், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 84.1 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6 மி.மீ. மூன்று என்றால் பெர்கின்ஸ் குடும்பம். சிக்கல் தொடங்குவதே இங்குதான். கொள்ளளவில் 144 கன அங்குலம், 152 கன அங்குலம் என்று இரண்டு எஞ்சின்கள் உண்டு. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 127 மி.மீ. போர் மட்டும் 144-க்கு 88.9, 152-க்கு 91.44. இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் வெளியிலிருந்து எந்தக் கண்ணுக்கும் தெரியாது. 88.9 கேஸ்கெட்டை 91.44 போரில் போட்டால் அதன் வளையம் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நின்று, சூடேறிக் கருகி, மறுபடியும் ஊதிவிடும்.

அடுத்து பிளாக் நம்பர். டீசல் பம்ப் இருக்கும் பக்கத்தில், பம்ப்பைப் பிளாக்கில் பொருத்தும் ஃபிளாஞ்சை ஒட்டிய சமமான இடங்களைத் தேடுங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வயர் பிரஷ் போட்டு, காய்ந்ததும் சாக்பீஸைத் தேய்த்து மேலே லேசாகத் துடைத்தால் குழிக்குள் வெள்ளை தங்கி எழுத்து எடுப்பாகத் தெரியும். கிரைண்டர் வைக்காதீர்கள், நம்பரே போய்விடும். நம்பர் 152 என்று தொடங்கினால் அது 152 கன அங்குல எஞ்சின். பிளாக்கில் புடைத்து நிற்கும் எண்களைக் குறித்துக்கொண்டு போய்க் கடையில் கொடுப்பவர்கள் நிறைய. அவை வார்ப்பு எண்கள், எஞ்சின் நம்பர் அல்ல. குழியாகப் பஞ்ச் அடித்திருப்பதுதான் வேண்டும்.

நம்பர் சரியாகவே இருந்தாலும் போரை அளக்காமல் சாமான் வாங்காதீர்கள். கேஸ்கெட்டுக்காக ஹெட் எப்படியும் கழற்றப்படும். ரிங் ஓடிய இடத்தில் வைத்து அளந்தால் தேய்மானமும் சேர்ந்துவிடும். ரிங் எட்டாத மேல் விளிம்பில் இன்சைட் மைக்ரோமீட்டரால் (உள்விட்டம் அளக்கும் கருவி) அளந்து பாருங்கள், பட்டறையில் இருக்கும். 88.9 போரை 30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு) ஓவர்சைஸாகக் கடைந்து எடுத்திருந்தாலும் 89.66 தான் வரும், 91.44-ஐத் தொடாது. ஆகவே இந்த அளவில் குழப்பத்துக்கு இடமில்லை.

ஹெட் கையில் இருக்கும்போதே பிஸ்டன் தலையையும் பாருங்கள். தலையில் நல்ல ஆழமான கிண்ணம் இருந்தால் டைரக்ட் இன்ஜெக்‌ஷன், அதாவது டீசல் நேரே சிலிண்டருக்குள் பாயும் வகை. கிண்ணம் இல்லாமல், இன்ஜெக்டர் ஹெட்டின் பக்கவாட்டில் சாய்வாக இறங்கினால் தனி அறையில் எரியும் பழைய வகை. இரண்டுக்கும் 152 என்ற ஒரே பெயர்தான், ஆனால் பிஸ்டன், ஹெட், நாசில் மூன்றும் வேறு. ஒன்றின் பிஸ்டனை மற்றதில் போட்டால் கம்ப்ரஷன் கெட்டு, வண்டி கிளம்பவே கிளம்பாது. கேஸ்கெட் வாங்கப் போகும்போது போர் அளவு, இன்ஜெக்‌ஷன் வகை இரண்டையும் சொல்லுங்கள். பழைய கேஸ்கெட்டையும் கையோடு கொண்டுபோய்ப் புதியதன் மேல் வைத்து, தண்ணீர்த் துளையெல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் வண்டியில் ஆர்.சி.-யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள எஞ்சின் நம்பரும் பிளாக்கில் உள்ளதும் வேறு. பழைய நம்பரையே பஞ்ச் அடித்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள்.
– வாசகர், மேலூர்

பதில்: கூடவே கூடாது, அது சட்டப்படி குற்றம். நம்பர் மாறியிருப்பதற்குப் பெரும்பாலும் எஞ்சின் மாற்றப்பட்டதே காரணம். எஞ்சின் வாங்கிய ரசீது அல்லது விற்றவரின் எழுத்து, ஆர்.சி., இன்சூரன்ஸ் இவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்ப் புது நம்பரைப் பதிவு செய்யக் கேளுங்கள். வண்டியை நேரில் காட்டச் சொல்வார்கள், அதனால் நம்பர் இருக்கும் இடத்தை முன்னாலேயே சுத்தம் செய்துவையுங்கள்.

இறக்குமதியான பழைய 35 என்றால் மீட்டர் பலகைத் தகட்டில் உள்ள வண்டி நம்பரையும் படியுங்கள். அதன் முன்னெழுத்துகளில் இரண்டாவது ‘என்’ என்றால் மூன்று சிலிண்டர் டீசல், ‘டி’ என்றால் நான்கு சிலிண்டர் டீசல். வண்டி எந்த எஞ்சினோடு பிறந்தது என்பதை அது சொல்லும். இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குப் பிளாக்கைத்தான் பார்க்க வேண்டும்.