மெட்டு ஏறிப் போகிற கூலி: கேள்வி பதில்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இப்போது தேனி மாவட்டத்துக் கூடலூரில் இருக்கிறேன். கூலி பற்றியும் வெளியூர் ஆட்கள் பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கம்பத்திலிருந்து ஒரு தங்கை: தினமும் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன், அண்ணே. வடக்கத்தி ஆட்கள் வந்ததிலிருந்து எங்கள் கூலி நகரவே இல்லை. அவர்களை வரவிடாமல் செய்தால் ஏறுமா?

ஆள் கூடினால் முதலாளிக்குப் பேரம் பேச வசதி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்களும் அவர்களும் ஒரே இடத்தில் நின்று பேரம் பேசவில்லை, தங்கச்சி. இந்தத் தோட்டத்தில் கூலி சரியில்லை என்றால் நாளைக் காலை நீங்கள் வேறு ஜீப்பில் ஏறிவிடலாம். ஜார்க்கண்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர் தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலேயே, படுத்து எழுகிறார். ரயில் செலவை ஏஜென்ட் கொடுத்திருப்பார், அது கூலியில் கழிந்தாக வேண்டும். கடையில் பற்று இருக்கும். அவர் சண்டை போட்டுக்கொண்டு எங்கே போவார்? உங்கள் கூலியை இழுத்துப் பிடிப்பது அவர் வந்தது அல்ல, அவரால் போக முடியாமல் இருப்பது.

இன்னொன்று. காய் எடுப்பது யாருக்கும் வருகிற வேலை இல்லை. தூரடியில் குந்தி, தரையில் படுத்திருக்கும் சரத்தைத் தூக்கி, உள்ளே விதை கறுத்த காயை மட்டும் கிள்ள வேண்டும். பக்கத்துப் பிஞ்சில் நகம் படக் கூடாது. அட்டை காலில் ஏறிக்கொண்டே இருக்கும். புதிதாக வந்தவர் கை பழகும்வரை பிஞ்சையும் சேர்த்துத்தான் உருவுவார். அதை ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) உலர்த்தினால் சுருங்கிப்போய் எடையும் நிற்காது, விலையும் கிடைக்காது. இது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறிலும், 2020 ஊரடங்கிலும் நம் ஆட்கள் மேலே போக முடியாதபோது தோட்டங்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பலம் அந்த விரலில் இருக்கிறது. ஆனால் ஜீப்புக்கு ஜீப் தனித்தனியாகப் பேசினால் அது எடுபடாது.

கூலி எப்படி ஏறியது என்பதற்கு மூணாறையே பாருங்கள். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்திருந்தார்கள். 500 கேட்டார்கள். அது கிடைக்கவில்லை; ஆனால் போனஸ் கணக்கு 20 சதவீதத்துக்குத் திரும்பியது, அக்டோபரில் தேயிலைக்கு 301, ஏலக்காய்க்கு 330 என்று கூலியும் நிர்ணயமானது. யாரையும் ஊரைவிட்டுத் துரத்தி வந்த உயர்வு இல்லை அது.

போடியிலிருந்து ஒரு தம்பி: மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விவசாய வேலை ஒன்றுதானே, ஏன் கூலியில் இத்தனை வித்தியாசம்?

ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2022-23 கணக்கு இருக்கிறது. ஆண் விவசாயத் தொழிலாளிக்குச் சராசரி நாள் கூலி கேரளத்தில் 764 ரூபாய், தமிழ்நாட்டில் 470, மத்தியப் பிரதேசத்தில் 229. போபால் பக்கத்து ஆள் இடுக்கிக்கு ஏன் வருகிறார் என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம். நாம் மெட்டு ஏறுவதும் இதே கணக்கில்தான். அந்தப் பக்கம் சங்கம் பழையது, வெளிநாட்டுப் பணம் வந்து உள்ளூர் ஆள் வயலைவிட்டு விலகியதும் ஒரு காரணம். ஆனால் 764 என்பது சராசரி. தோட்டத்துப் பெண்களின் கூலி தனியாகப் பேசி முடிவாவது, அது இந்த உயரத்துக்கு வந்ததே இல்லை.

சாந்தம்பாறையிலிருந்து ஒரு சிறு விவசாயி: எங்களையும் கொஞ்சம் பாருங்கள். உரம், மருந்து, கூலி எல்லாம் ஏறுகிறது. காய் விலை மட்டும் புற்றடி ஏல மையத்தில் ஒரு நாள், போடி ஏல மையத்தில் ஒரு நாள் என்று ஆடுகிறது.

நியாயம்தான். ஏலக்காய்ச் சாகுபடிச் செலவில் பெரும்பங்கு ஆள் கூலி. நாலைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ. விலை விழுந்தால் முதலில் கை வைக்க முடிவது கூலியில்தான், உரக்கடைக்காரர் விடமாட்டார். ஆனால் ஐயா, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் தொட்டதே, அந்த சீசனில் உங்கள் தோட்டத்தில் கூலி எவ்வளவு ஏறியது? விலை இறங்கும்போது மட்டும் தொழிலாளியைப் பங்காளி ஆக்கினால் எப்படி?

உத்தமபாளையத்திலிருந்து ஒரு மாணவி: அமெரிக்காவிலும் வெளிநாட்டுப் பண்ணைத் தொழிலாளிகளால் கூலி குறைகிறது என்று சண்டை நடக்கிறதே?

நல்ல கேள்வி, பாப்பா. அங்கே 1942 முதல் 1964 வரை பிராசெரோ என்ற திட்டத்தில் மெக்சிகோக்காரர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க் கூலி ஏறட்டும் என்று சொல்லி நிறுத்தினார்கள். பிற்பாடு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்தால், அதனால் கூலி ஏறியதாகத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் தக்காளி பறிக்க இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரம் கிடைக்காத சில பயிர்களைக் குறைத்துக்கொண்டார்கள். இங்கே ஏலக்காய்க்கு அப்படி இயந்திரம் விட முடியாது, ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாதே. அதனால் அந்தக் கதை நமக்கு அப்படியே பொருந்தாது. ஆளை நிறுத்தினால் கூலி தானாக ஏறும் என்று நம்புகிறவர்கள் மட்டும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குமுளியிலிருந்து: எங்கள் தோட்டம் சின்னது, தோட்டத் தொழிலாளர் சட்டம் எங்களுக்கு இல்லை என்கிறார் கணக்கப்பிள்ளை. உண்மையா?

2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த 1951-ம் வருடச் சட்டம், ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் பொருந்தும் என்று வரையறுத்தது உண்மை. ஏலக்காய்த் தோட்டங்களில் பல அதற்குக் கீழே நின்றதால் வீடு, மருத்துவம் எல்லாம் கேட்க வழியில்லாமல் இருந்தது. ஆனால் குறைந்தபட்சக் கூலி அப்படி இல்லை. தோட்டம் சின்னது என்று அதைக் குறைக்க முடியாது. கணக்கப்பிள்ளை அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

கூடலூரிலிருந்து ஒரு அம்மா: என் மகள் போன ஜீப் கேரளப் பக்கம் கவிழ்ந்து கால் முறிந்துவிட்டது. வழக்குப் போட அங்கேதான் அலைய வேண்டுமா?

வேண்டாம், அம்மா. மோட்டார் வாகனச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம், அதாவது நம் தேனி மாவட்டத்திலேயே. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். ஜீப்பில் ஆள் அதிகம், அதனால் ஒன்றும் கிடைக்காது என்று ஓனர் பயமுறுத்துவார். அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வண்டி எண், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், போலீஸ் எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றையும் எடுத்துவையுங்கள். எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில் இருக்கும், வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் தமிழில் பெயர்த்து வாங்கிக்கொள்வார்.