பாதியில் நின்ற கார் கண்ணாடி: மோட்டாரை மாற்றும் முன்

வணக்கம் சகோதரரே. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மட்டும் பாதியில் நிற்கிறது, பட்டறையில் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். சுவிட்சை அழுத்திக் கதவில் காதை வையுங்கள். உறுமல் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் மோட்டார் பிழைத்திருக்கிறது. தூக்கும் கம்பியோ பிளாஸ்டிக் பிடியோதான் போயிருக்கும். சத்தமே இல்லையென்றால், கதவுக்கும் காருக்கும் நடுவிலுள்ள கறுப்பு ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். கதவைத் திறந்து மூடியே பழைய கார்களில் அங்கே ஒயர் அறுந்துவிடும். மேல்தோல் முழுதாக இருக்கும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும். கண்ணாடி ஓடும் ரப்பருக்கு சிலிக்கான் ஸ்பிரே மட்டும். எண்ணெய் பட்டால் உப்பிவிடும்.

ஜோர்ஜ் டவுனில் தெருவோரம் நிறுத்துகிறீர்கள், மழை வேறு. உறுமல் இருந்தால் ஒருவர் சுவிட்சை அழுத்த, இன்னொருவர் உள்ளங்கைகளால் இருபுறமும் பிடித்துக் கண்ணாடியை மேலே தள்ளட்டும். விரல்கள் விளிம்பில் வேண்டாம்.