பாக்தாத் முத்திரை வாங்கலாமா?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். தெரிந்த ஒருவர் விரல் அளவு கல் முத்திரையைக் காட்டி, '2003 போரில் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து காப்பாற்றியது' என்கிறார். அன்றைய செய்தித்தாள் நறுக்கும், 'திருட்டுப் பட்டியலில் இல்லை' என்ற சான்றிதழும் தருகிறார். ஒரு செய்தியில் 1,70,000 பொருள்கள் போயின என்கிறார்கள், இன்னொன்றில் 33தான் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

நீங்கள் படித்த இரண்டு எண்ணுமே தவறு. 1,70,000 என்பது அருங்காட்சியகத்தின் மொத்த இருப்பு என்று சொல்லப்பட்ட கணக்கு. கொள்ளை நடந்த சூட்டில் இருப்பு முழுவதையும் இழப்பாக எழுதிவிட்டார்கள். சில வாரம் கழித்து, முக்கியமான பொருள்களில் 33தான் காணோம் என்றதும், எல்லாமே மிகை என்று எழுதினார்கள். உண்மையில் போனவை சுமார் 15,000. அதில் ஏறக்குறைய 5,000, உங்களிடம் காட்டியது போன்ற உருளை முத்திரைகள் (ஈரக் களிமண்ணில் உருட்டி அச்சுப் பதிக்கும் சிறு கல்). இத்தனைக்கும் தொல்லியலாளர்கள் போருக்கு முன்பே பென்டகனுக்குப் போய் எச்சரித்திருந்தார்கள். கொள்ளை ஏப்ரல் 12-இல் ஓய்ந்தது; காவலுக்கு அமெரிக்க டாங்கி வந்தது 16-இல். இன்றும் பொறுக்க முடியவில்லை.

சரி, அந்த நறுக்கு. அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது என்பதைத் தவிர அது எதையும் நிரூபிக்காது. விற்பவர் சொல்வது உண்மையென்றால் அது திருட்டுப் பொருள். காப்பாற்ற நினைத்தவர் திருப்பி ஒப்படைப்பார், விற்க மாட்டார். கொள்ளை போன வார்க்கா குடுவையைக்கூட (சுமார் 5,000 ஆண்டுப் பழமையான சுமேரியக் கல் குடுவை) 2003 ஜூனில் கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

பெரிய பொறி அந்தச் சான்றிதழ்தான். பட்டியலில் ஏற வேண்டுமானால் யாராவது முன்பே அதைப் பதிந்து படம் எடுத்திருக்க வேண்டும். உம்மா, இசின் போன்ற தெற்கு ஈராக்கின் பழைய நகர மேடுகளை இரவோடு இரவாகத் தோண்டி எடுத்ததை யார் பதிந்தார்கள்? நேற்று மண்ணிலிருந்து வந்த பொருள் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதையே 'சுத்தமான சரக்கு' என்று தாள் அடித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளை நம்பி ஏமாந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இடைத்தரகர்கள் அதில்தான் புகுந்துகொள்வார்கள் என்பதால் நிதானமாகப் படியுங்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் 6-க்குப் பிறகு ஈராக்கிலிருந்து முறைகேடாக வெளியேறியவற்றை விற்கவோ வாங்கவோ கூடாது என்கிறது. உடனே 'எழுபதுகளிலேயே ஐரோப்பியக் குடும்பத்திடம் இருந்தது' என்பார்கள். இருந்தால் அன்றைய ரசீது, ஏற்றுமதி அனுமதி, பழைய ஏல விற்பனைப் பட்டியலில் படம் என்று ஏதாவது இருக்கும். பேரன் இன்று எழுதிக் கொடுத்த கடிதம் ஆதாரமில்லை. தேதி மட்டும் போதாது; ஈராக்கில் தொல்பொருள் சட்டம் 1936-லிருந்தே இருக்கிறது. உங்கள் ஆள் '2003' என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே, அவருக்கு இந்த வாசலும் இல்லை.

ஹாபி லாபி என்ற அமெரிக்க நிறுவனம் 2010-இல் இப்படித்தான் ஆயிரக்கணக்கில் வாங்கியது. எமிரேட்ஸிலிருந்தும் பெட்டிகள் போயின, மேலே 'ஓடு' என்று எழுதி. 2017-இல் 30 லட்சம் டாலர் கட்டி, பொருள்களையும் இழந்தது.

நீங்கள் அந்த முத்திரையைக் கையில் வாங்க வேண்டாம், ஊருக்கு எடுத்துவரவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் அனுப்பிய படங்களையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்து, ஈராக் துணைத் தூதரகத்துக்கு எழுதுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால், அது போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.