தமிழில் மறுபடி படிக்க ஆசை. கதை, கதையல்லாதவை இரண்டிலும் எந்தப் புத்தகங்களிலிருந்து தொடங்கலாம்?

வேலைக்காகப் பெங்களூர் வந்து ஆறு வருடம் ஆகிறது, வைட்ஃபீல்டில் இருக்கிறேன், பத்தாம் வகுப்போடு தமிழ் நின்றுவிட்டது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேகம்தான், நாவலும் வேண்டும், நிஜத்தைச் சொல்கிற புத்தகமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் 21 வருடமாக வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்பார்கள். முன்பெல்லாம் உடனே பத்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். இப்போது கொடுப்பதில்லை. தாளை வாங்கிப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் புத்தகத்தின் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அதனால் இரண்டிரண்டாகக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு நாவல், அதே ஊரையோ அதே விஷயத்தையோ தொடுகிற கதையல்லாத புத்தகம் ஒன்று. ஒன்றைப் படிக்கும்போது வருகிற கேள்விக்கு மற்றதில் பதில் இருக்கும். அந்தக் கேள்விதான் ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

உங்களுக்கு முதல் ஜோடியாகத் தண்ணீரைத்தான் சொல்வேன். 2024 மார்ச்சில் நம் ஊரில் போர்வெல்கள் வற்றிப்போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அல்சூரில் எங்கள் தெருவுக்கு டேங்கர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிவதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்போம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை மூன்றாவது முறையாகப் படித்தேன். 1973-இல் புத்தகமாக வந்தது. சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஜமுனா, அவள் தங்கை சாயா, டீச்சரம்மா என்று கொஞ்சம் பேர்தான். பக்கத்து வீட்டு அக்கா, “என்னம்மா, படிக்கிற நேரமா இது?” என்றார். இதைப் பற்றித்தான் அக்கா படிக்கிறேன் என்று சொல்லி ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கேட்டு முடித்ததும், “அப்பவே இப்படித்தானா?” என்று குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்தார். அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னோடு இருந்தது.

அதில் டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்கிற இடம் ஒன்று வரும். கண்ணீர் இல்லாமல், உரத்த வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருப்பார். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள், கடினமான சொல் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் பக்கத்தில் வைக்க வேண்டியது ‘நடந்தாய் வாழி காவேரி’. தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய பயண நூல். தலைக்காவேரியும் ஆறு கடலில் கலக்கிற இடமும் உட்படக் காவேரிக் கரையெல்லாம் போகிறார்கள். நம் குழாயில் வருகிற தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளித் தொரெக்காடனஹள்ளியிலிருந்து பல கட்டமாக மேலேற்றப்பட்டு வருகிறது. 1974-இல் தொடங்கிய ஏற்பாடு அது. அந்த ஆற்றைக் கரையோரமாகப் பார்த்து எழுதியவர்களின் கண்ணில் குடகும் ஸ்ரீரங்கப்பட்டணமும் சிவசமுத்திரமும் எப்படி இருந்தன என்று படித்த பிறகு, குழாயைத் திறக்கும்போது ஆறு ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே வாழ்கிற தமிழர்களுக்குக் காவேரி என்றாலே தொலைக்காட்சிச் செய்தியும் பதற்றமும்தான் முதலில் தோன்றும். அந்தப் புத்தகத்தில் காவேரி ஒரு ஆறாக மட்டும் ஓடுகிறது. அதற்காகவே படிக்கச் சொல்கிறேன்.

அப்புறம், என் மனதுக்கு மிகவும் நெருக்கமான ஜோடி. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலும் உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலும். இரண்டையும் சேர்த்து யாரும் பரிந்துரைத்து நான் பார்த்ததில்லை. மோகமுள் என்றால் எல்லோரும் பாபு, யமுனா காதலைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் ரங்கண்ணாதான் பெரியவர். கும்பகோணத்தில் அவரிடம் பாபு பாட்டுக் கற்றுக்கொள்கிற அத்தியாயங்களைப் படித்துவிட்டு ‘என் சரித்திர’த்தைத் திறந்தால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன்னால் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்கிற இளைஞன் சாமிநாதனைப் பார்ப்பீர்கள். 1871-இல் அவரிடம் போய்ச் சேர்ந்து, 1876-இல் அவர் இறக்கும்வரை கூடவே இருந்தவர். குரு சாப்பிட்டாரா, தூங்கினாரா, கடன்காரன் வந்தானா, எல்லாவற்றையும் அறுபது வருடம் கழித்தும் மறக்காமல் எழுதுகிறார்.

அதில் ஒரு இடம் மட்டும் சொல்கிறேன். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தாயிற்று. நிறையப் படித்தவர் என்று பேர் வாங்கியவர். அந்த ஊருக்கு முன்சீப் நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவே இல்லை. இதெல்லாம் இருக்கட்டும், பழைய நூல்கள் படித்திருக்கிறீர்களா, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்கிறார். சாமிநாதையர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒரு சந்திப்பிலிருந்துதான் 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. எத்தனை முறை படித்தாலும் அந்த அறையில் முதலியார் பேசாமல் உட்கார்ந்திருக்கிற நேரம் எனக்கு மூச்சு அடைக்கும்.

பெரிய புத்தகம்தான். ஆனால் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. அதனால் அத்தியாயங்கள் சிறியவை. உங்கள் மெட்ரோ பயணத்துக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று அளவாக இருக்கும். 1942-இல் அவர் காலமானதால் முடிவுபெறாமல் நிற்கிறது. அதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

‘பொன்னியின் செல்வ’னைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். படிக்கலாம், ஐந்து பாகம் என்று பயப்பட வேண்டாம், கதையோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் முடித்த கையோடு நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலின் தமிழாக்கத்தை எடுத்து, ராஜராஜனின் கொலையுண்ட அண்ணன் ஆதித்த கரிகாலன் வருகிற பக்கங்களை மட்டுமாவது பாருங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்களைப் பறித்த செய்தியைச் சொல்கிறது. கல்கி விட்டுவைத்த மர்மத்துக்கு அடியில் இப்படி ஒரு நிலக்கணக்கு கிடக்கிறது என்று தெரியும்போது வரலாறு படிக்கிற ஆசை தானாக வரும்.

இந்த ஊரோடு சேர்ந்த இன்னொரு ஜோடி. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, சித்தலிங்கையாவின் ‘ஊரும் சேரியும்’. இரண்டுமே ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்க்கையைச் சொல்பவை. முதலாவது 1994-இல் வந்த நாவல். ஆரோக்கியம் என்ற துணி வெளுக்கிற பெண்ணின் கதை. இரண்டாவது கன்னடக் கவிஞர் ஒருவரின் தன்வரலாறு. பாவண்ணன் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். அவர் இந்த ஊரிலேயே வாழ்ந்து கன்னடத்திலிருந்து தமிழுக்கு எவ்வளவோ கொடுத்தவர். கிராமத்திலிருந்து ஸ்ரீராமபுரத்துக்கு வந்து சேர்கிற சிறுவன் சித்தலிங்கையாவின் கண்ணால் அந்தக் காலத்துப் பெங்களூரைப் பார்க்கலாம். மாடுகளுக்குப் பதிலாக இரண்டு மனிதர்கள் நுகத்தைத் தோளில் சுமந்து ஏர் இழுப்பதையும், அதில் ஒருவர் தன் அப்பா என்பதையும் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போவார். இங்கே வசிக்கிற தமிழர்கள் படிக்காமல் விடக்கூடாத புத்தகம் இது.

சுற்றுச்சூழலில் ஆர்வம் இருந்தால் சோ. தர்மனின் ‘சூல்’. ஒரு கண்மாயை நம்பிய கரிசல் கிராமம் அதைக் கைவிட்டபோது என்ன ஆனது என்பது கதை. 2019-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. கூடவே சு. தியடோர் பாஸ்கரனின் ‘கையிலிருக்கும் பூமி’. கட்டுரைத் தொகுப்பு என்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் படிக்கலாம். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிற இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிற இடம் சம்பங்கி ஏரி என்று தெரிந்தவர்களுக்கு ‘சூல்’ வேறு மாதிரி வலிக்கும். அறிவியல் என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் மூளையைப் பற்றிய ‘தலைமைச் செயலக’மும் போதும். ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸில் (பி.இ.எல்.) வேலை பார்த்துக்கொண்டு அவர் எழுதிய ஊர் இது.

ஒரே ஒரு நாவலை மட்டும் தள்ளிப்போடச் சொல்வேன். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப்போர்க் காலத்து இந்தோனேசியாவின் மேடானும் மலேயாவின் பினாங்கும், மனசுக்குள் மதுரையும் சின்னமங்கலமுமாக ஓடுகிற நாவல். தமிழின் உச்சங்களில் ஒன்று என்று சந்தேகமில்லாமல் சொல்வேன். ஆனால் புதிதாகப் படிக்க வந்த ஒரு மாணவனுக்கு ஆர்வக்கோளாறில் இதைக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். தப்பு என்னுடையது. தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவராம், அதனால்தான் அந்தக் காலத்துக் கதை வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதைப் பிறகுதான் சொன்னான். உடனே வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ எடுத்துக் கொடுத்தேன். 1942-இல் ஜப்பான்காரர்கள் வந்தபோது ரங்கூனை விட்டுக் கிளம்பி இந்தியா வந்து சேர்ந்ததை அவரே எழுதியது. அதை அவன் வீட்டில் பாட்டிக்குச் சத்தமாக வாசித்திருக்கிறான். நாளுக்குச் சில பக்கம். பாட்டி நடுநடுவே நிறுத்தச் சொல்லி, தாத்தா சொன்னதை எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். ஆறு மாதம் கழித்து அவனே வந்து சிங்காரத்தைக் கேட்டான். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். முதலில் சர்மா, பிறகு சிங்காரம்.

வேகம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண் தடுமாறுகிற இடத்தில் காது பிடித்துக்கொள்ளும். கி. ராஜநாராயணன் மாதிரி பேச்சு மொழியில் எழுதியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ‘கோபல்ல கிராம’த்தைச் சத்தமாகப் படித்தால் யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரியே இருக்கும்.

வாங்குவதற்கு முன் அல்சூர் ஏரிப் பக்கத்துத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு முறை வாருங்கள். உங்கள் வைட்ஃபீல்டிலிருந்து அதே மெட்ரோ பாதைதான், அல்சூரில் இறங்கிக்கொள்ளலாம். ‘தண்ணீர்’ அளவில் சின்ன நாவல். சனிக்கிழமை காலை எடுத்தால், உங்கள் வேகத்துக்கும் அடுத்த சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும்.