சர்ச்சுல சாதி பாக்குறாங்களே, கிறிஸ்தவங்க வேதப்படி வாழ்றாங்களா?

தமிழ்நாட்ட வச்சு சொல்றேன், இந்த ஒரு விஷயத்துல நிறைய பேர் வாழல. சர்ச் சாதின்னா, ஞானஸ்நானம் வாங்கியும் கல்யாணம், உக்கார்ற இடம், கல்லறைன்னு பழைய சாதிய விடாம இருக்கறது. வேதத்துல இதுக்கு இடமே இல்ல, யூதன் கிரேக்கன் அடிமைன்னு பேதம் இல்ல எல்லாரும் ஒண்ணுதான்னு கலாத்தியர் 3:28ல தெளிவா இருக்கு.

அப்புறம் ஏன்னா, இங்க பல ஊர்ல சாதி சாதியா கூட்டமாதான் மதம் மாறுனாங்க, பொண்ணு குடுக்கறது எடுக்கறது அதே சொந்தத்துக்குள்ளயே ஓடுச்சு, வீடு மாறும்போது பழைய சாமானையும் லாரில ஏத்திட்டு வர்ற மாதிரி சாதியும் கூடவே வந்துருச்சு. 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி மாதிரி மிஷனரிங்களும் சாதி வழக்கத்த அனுமதிச்சாங்க. 1833ல ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதியே கூடாதுன்னு உத்தரவு போட்டப்போ தஞ்சாவூர்லயும் வேப்பேரிலயும் நிறைய பேர் சபைய விட்டே போனாங்க, அதாவது சாதிய விடல சபைய விட்டாங்க!! திருச்சி மேலப்புதூர்ல கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுலயே சாதி பிரிக்கற சுவர். 2008 மார்ச்ல எறையூர்ல தலித் கிறிஸ்தவங்க தனிப் பங்கு (அதாவது தனி சர்ச், தனி சபை நிர்வாகம்) கேட்டதுல கலவரமாகி போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல 2 பேர் செத்தாங்க. எதிர்த்து போராடுறவங்களும் கிறிஸ்தவங்கதான், அதயும் சொல்லணும்.

தலித்துங்க கிறிஸ்தவங்களா மாறியும் எஸ்சி சலுகை வாங்குறாங்கன்னு பலர் நினைக்கிறாங்க, அது தப்பு, எஸ்சி பட்டியல் பத்தின 1950 ஜனாதிபதி உத்தரவுப்படி கிறிஸ்தவங்களுக்கு அது கிடையாது, தமிழ்நாட்டுல அவங்க பிசி லிஸ்ட்லதான் வருவாங்க.